முதல் ஆறில் ஏழாம் எண்

சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள் சார். திரவியத்தைப் பற்றித் திரவியத்திடமே கேட்டால் ஒன்றும் பெயராது. "ஏதோ ஆடுதேன்" என்பான். அதோடு முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர் வாலிபால் கிளப்புக்கு நான் மேனேஜர். அவன் பந்தைத் தொட்ட முதல் நாள் முதல் எனக்குத் தெரியும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் சரியில்லை. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். அந்த மோட்டாரில் மட்டும் கை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செம்புக் கம்பிக் காயில் கட்டி வார்னிஷ் ஊற்றியிருக்கிறேன், இன்னும் காயவில்லை.

திண்டுக்கல்லிலிருந்தா வருகிறீர்கள்? பஸ்ஸில் இவ்வளவு தூரமா? மில் அணிக்கு ஆள் தேடி கருங்காலிவிளை வரைக்கும் வருகிறார்கள் என்றால் எங்கள் கிளப்புக்குப் பெருமைதான். சர்பத் சொல்லியிருக்கிறேன், வரும்.

உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. நாற்பத்தொரு வயதுக்காரனை எடுக்கலாமா, இன்னும் எத்தனை வருஷம் ஓடுவான்? பழைய மோட்டார் வாங்க வருகிறவர்களும் என்னிடம் இதைத்தான் கேட்பார்கள். நான் அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவேன். திரவியம் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது சார். இதே கேள்வியை இந்த வருஷம் ஜனவரியிலிருந்து மே வரை நாங்களே கேட்டுக்கொண்டிருந்தோம். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்கு அவசரமில்லையே?

திரவியத்தின் முழுப்பெயர் ஞானதிரவியம். ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை. அணியில் செட்டர். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அடிப்பவனை ஊர் பார்க்கும், எடுத்துக் கொடுப்பவனை எதிரணி மட்டும்தான் பார்க்கும். பந்து முதலில் எவன் கையில் பட்டாலும் இரண்டாவதாக இவன் கைக்கு வரவேண்டும். முன்னால் கொடுப்பதா, தலைக்கு மேலாகப் பின்னால் கொடுப்பதா, நடுவில் குட்டையாகப் போடுவதா என்று அந்த அரை நொடியில் இவன் முடிவு பண்ணவேண்டும். பத்தொன்பது வருஷமாக எங்கள் அணியில் அந்த முடிவெல்லாம் ஏழாம் எண் பனியனுடையது.

திரவியத்திடம் ஒரு பழக்கம் உண்டு. பின்னால் கொடுக்கப் போகிறான் என்றால் வலது குதிகால் லேசாகத் தூக்கும். இவ்வளவுதான், ஒரு விரல் உயரம். நான்தான் அதை முதலில் கண்டுபிடித்தேன். எனக்கு அதில் ஒரு பெருமை. எந்த ஊர் டோர்னமெண்டுக்குப் போனாலும் எதிரணி மேனேஜரை டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லுவேன்: "எங்க பய குதிகாலைத் தூக்கினா பந்து பின்னாலதான் போகும் வே. சொல்லிட்டேன். முடிஞ்சா தடுத்துப் பாரும்." அவர்களால் முடியாது. அந்த வேகம் அப்படி. தெரிந்தும் தடுக்க முடியாமல் அவர்கள் முழிப்பதைப் பார்க்கத்தான் நான் சொன்னதே.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. திரவியம் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "அண்ணாச்சி, முன்னெல்லாம் ரெண்டு பேரு தடுக்க பிளாக்குக்கு வருவானுவ, இப்ப மூணு பேரும் எனக்கு முன்னாலயே வந்து நிக்கானுவளே, எப்படி?" எனக்கும் அது புதிராகத்தான் இருந்தது. வயது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஜூனில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு பி.டி. வாத்தியாராக எபனேசர் என்று ஒரு தம்பி வந்தார். வேலூர்ப் பக்கம். இருபத்தெட்டு வயது. எங்கெங்கோ போய்ப் பயிற்சி எடுத்த சான்றிதழெல்லாம் வைத்திருந்தார். மைதானம் பள்ளிக்கூடத்தினுடையது, எங்களுக்குக் கோச் கிடையாது, அவருக்கு அணி கிடையாது. சேர்த்துவிட்டோம். ஊரில் எல்லாரும் அவரை "கோச் சார்" என்பார்கள். நான் ஒருவன்தான் "தம்பி" என்பேன். யாராவது ஒருத்தர் அப்படிக் கூப்பிட வேண்டாமா?

வந்தவர் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. செல்போனை ஒரு குச்சியில் செருகி எங்கள் ஆட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். என் மனைவி ராஜகனிகூடக் கேட்டாள், "கல்யாண வீட்டு வீடியோக்காரன ஏன் கிளப்புல சேத்தீங்க?" என்று. ஜனவரியில் கமிட்டிக் கூட்டம் போடச் சொன்னார். கூட்டம் எப்போதும் இந்தக் கடையில்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலில்தான் அவர் உட்கார்ந்தார்.

"திரவியம் அண்ணனுக்கு நாற்பத்தொண்ணு ஆகுது. ஆல்வின் ரெடியா இருக்கான். இந்த சீசன் ஆட்டம் தொடங்குற முதல் ஆறு பேர்ல ஆல்வினைத்தான் இறக்கப்போறேன்" என்றார்.

ஆல்வின் என்பவன் பாலிடெக்னிக் முடித்த பையன். இருபத்திரண்டு வயது. நல்ல உயரம். கை சுத்தம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் அவனிடம் எனக்குள்ள குறை.

நான் எழுந்துவிட்டேன் சார். ரொம்ப நேரம் பேசினேன். என்னென்ன பேசினேன் என்று இப்போது சொன்னால் நீங்கள் திண்டுக்கல் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். சுருக்கமாகச் சொன்னால், முதல் ஆறில் இல்லையென்றால் திரவியம் பெஞ்சில் உட்காரமாட்டான், அவன் மானஸ்தன், பனியனைக் கழற்றி வீசிவிட்டுப் போய்விடுவான், அந்தப் பாவம் இந்தக் கமிட்டிக்கு வேண்டாம் என்றேன். அனுபவத்துக்கு மதிப்பு இல்லாத அணி அணியே இல்லை என்றேன். வயதை வைத்து மனுஷனை அளக்கக்கூடாது என்றேன். கமிட்டியில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போது பார்த்துத் திரவியம் ரேஷன் கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நிற்கிறான். சட்டையெல்லாம் கோதுமைத் தூசி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

எபனேசர் தம்பி அவனிடம் நேராகவே சொன்னார். "அண்ணே, பன்னிரண்டு பேர்ல இருப்பீங்க. முதல் ஆறுல இல்ல. உங்க ஆட்டத்துல ஒரு கோளாறு இருக்கு. அதை மாத்தணும்னா முதல்ல இருந்து படிக்கணும். மே மாசம் லீக் ஃபைனல் முடியட்டும். அன்னைக்கு, அடுத்த வருஷம் நீங்க உண்டா இல்லையான்னு சொல்றேன்."

நான் பனியன் பறக்கும் என்று காத்திருந்தேன்.

"சரி சார்" என்றான் திரவியம்.

சார்! பதிமூன்று வயது இளையவனை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெளியே போனதும் பிடித்துக்கொண்டேன். "ஏல, நான் உள்ள உனக்காக உசுரக் கொடுத்துக்கிட்டு இருக்கேன், நீ சரி சாருங்க?"

"நீங்க உசுர வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. மோட்டார் கட்டணும்லா" என்றான்.

கிண்டல்தான். ஆனால் உள்ளுக்குள் உடைந்துபோயிருப்பான் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷம் பார்த்தவனுக்குத் தெரியாதா? பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே நீங்கள். ரேஷன் கடையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பான். கொட்டாவி விடுவான். ஒருநாள் தராசிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டானாம், வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்களாம். பயல் இரவெல்லாம் தூங்காமல் இதையே நினைத்துப் புரள்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ராஜகனியிடம் சொன்னேன். அவள், "விடியக்காலம் எந்திரிக்கிறவன் மாதிரில்ல இருக்கான்" என்றாள். இவளுக்கு ஆண்களின் மனசு எங்கே புரியும்?

அந்தச் சமயத்தில் இன்னொரு தொல்லை. என் வீடு பள்ளிக்கூட மைதானத்துக்கு அடுத்த தெரு. விடியற்காலை ஐந்தரைக்கு மணிச்சத்தம். கிணிங், கிணிங் என்று ஆட்டுக் கழுத்து மணி. யாரோ மைதானத்தில் ஆடு விடுகிறார்கள். புல் போனால் பரவாயில்லை, புழுக்கை கிடந்தால் பையன்கள் வழுக்கி விழுவார்கள். மேனேஜர் என்ற முறையில் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலமாக ஒரு புகார் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கவனிக்கிறேன்" என்றார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. ஆனால் மணிச்சத்தம் நிற்கவில்லை.

சர்பத் வந்துவிட்டது, குடியுங்கள். ஐஸ் வேண்டாமென்றால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

லீக் ஆட்டங்கள் நடந்தன. ஆல்வின்தான் ஆடினான். ஜெயித்தோம். அதுவும் ஒரு வருத்தம்தான். தோற்றிருந்தால் நான் பேசியிருக்கலாம். திரவியம் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கோச் அவனை ஒரு பாயிண்டுக்குக்கூட இறக்கவில்லை. ஒரு ஆட்டத்திலும் இல்லை. இதென்ன கொடுமை என்று நான் கேட்டேன். "ஃபைனல் வரட்டும் மேனேஜர் சார்" என்றார் எபனேசர் தம்பி. ஃபைனலில் மட்டும் என்ன செய்துவிடப் போகிறார்?

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அப்போது என்னைப் பற்றியே யோசனைகள் வந்தன. காயில் சுற்றிக்கொண்டே இருப்பேன், கை தானாகச் சுற்றும், மனசு எங்கோ போகும். திரவியத்துக்காக நான் இவ்வளவு துடிக்கிறேனே, திரவியத்துக்காகத்தானா? அவன் போய்விட்டால் அந்தப் பெஞ்சில் என்னோடு பேச யார் இருக்கிறார்கள்? ஆல்வின் காதில் எப்போதும் ஒரு வயர் தொங்கும். மற்றவர்கள் எனக்கு வணக்கம் சொல்லுவார்கள், அவ்வளவுதான். இப்படியெல்லாம் யோசிப்பேன். பிறகு, சே, நான் ஒரு நல்ல மனுஷன், நண்பனுக்காக வருத்தப்படுகிறேன், அதில் போய் நோண்டிக்கொண்டிருப்பானேன் என்று விட்டுவிடுவேன். நம்மைப் பற்றி நாமே ரொம்பக் கேள்வி கேட்கக்கூடாது சார். வேலை ஓடாது.

ராஜகனி ஒருநாள் கேட்டாள். "பந்து திரவியம் கையில, சொல்லிக் கொடுக்கிறது கோச் கையில. உங்க கையில என்ன இருக்கு? ஒரு சீட்டு. இதுக்கு எதுக்கு நீங்க சோறு இறங்காம கெடக்கீங்க?"

சீட்டு என்று அவள் சொன்னது லைன்-அப் சீட்டை. உங்கள் மில் அணியில் யார் எழுதுகிறார்களோ, எங்கள் அணியில் நான்தான். ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் ஆறு கட்டத்தில் ஆறு பனியன் எண்ணை எழுதி நடுவரிடம் கொடுக்கவேண்டும். கொடுத்தபிறகு பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. சீட்டில் உள்ளவன்தான் இறங்கவேண்டும். வேண்டாமென்றால் ஆள் மாற்றுதான் கேட்கவேண்டும். எபனேசர் தம்பி ஃபைனலன்று ஐந்து சீட்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். அந்த அளவு நம்பிக்கை.

ஃபைனல் மே மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு. எங்கள் மைதானம். எதிரே கீழவிளை அணி. எல்லாத் தெருவும் அங்கேதான். கோச் என்னிடம் வந்து, "பன்னிரண்டு, நாலு, ஒன்பது, ஒண்ணு, பத்து, மூணு" என்றார். பன்னிரண்டு ஆல்வின். நான் தலையாட்டினேன். சீட்டில் எழுதினேன்: ஏழு, நாலு, ஒன்பது, ஒன்று, பத்து, மூன்று.

பழக்கம் சார். பத்தொன்பது வருஷம் முதல் கட்டத்தில் ஏழு எழுதிய கை. அந்தக் கை வேறு என்ன எழுதும்? நீங்களே சொல்லுங்கள். லீக் ஆட்டங்களில் எப்படிச் சரியாக எழுதினீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். அப்போது பதற்றம் இல்லை. இது ஃபைனல். கூட்டம், மைக், கொட்டு. கை தானாக எழுதிவிட்டது.

நடுவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆட்களைச் சரிபார்க்க வந்தார். ஆல்வின் உள்ளே நிற்கிறான். "நீ வெளிய போப்பா, சீட்டுல ஏழுல்லா இருக்கு" என்றார். ஆல்வின் கோச்சைப் பார்த்தான். கோச் என்னைப் பார்த்தார். நான் ஸ்கோர் பலகையைப் பார்த்தேன்.

எபனேசர் தம்பி ஆள் மாற்று கேட்கக் கையைத் தூக்கிவிட்டார். அப்போது திரவியம் துண்டைப் பெஞ்சில் போட்டுவிட்டு எழுந்தான். அவர் பக்கத்தில் போய், "இருக்கட்டும் சார். நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அவர் கையை இறக்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு நொடி பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழாம் எண் உள்ளே போகிறது. கூட்டம் விசிலடித்தது.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன். திரவியம் குதிகாலைத் தூக்கினான், பின்னால் கொடுத்தான். மூன்று பேர் அங்கே ஏற்கனவே வந்து நிற்கிறார்கள். திரும்பத் தூக்கினான், பின்னால் கொடுத்தான். திரும்ப மூன்று பேர். ஒரு தடவைகூட மாற்றிச் செய்யவில்லை சார். எருமை மாதிரி அதே தப்பை அதே இடத்தில். ஊர்க்காரர்களே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "திரவியம் அண்ணே, ரேஷன் கடையில ஆளு வரிசையில நிக்கி, போய்ப் பாருங்க!" "மண்ணெண்ணெய் எப்ப ஊத்துவிய?" அவன் காதில் விழாத மாதிரி ஆடினான். இருபத்தைந்துக்குப் பதினாலு. செட் போய்விட்டது.

வெளியே வந்து துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு பழையபடி உட்கார்ந்துவிட்டான். அவனை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான்தானே இறக்கிவிட்டேன். ஊர் முழுக்கப் பார்க்க, இவன் முடிந்துபோன ஆள் என்று காட்டிக்கொடுத்துவிட்டேன். இனி எபனேசர் தம்பி என்ன முடிவு சொல்வார்? சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த சீட்டுகளை அவர் என்னிடமிருந்து வாங்கித் தானே எழுதினார். பணிவாகத்தான் வாங்கினார். "கொடுங்க சார், நீங்க டென்ஷனா இருக்கீங்க." ஆல்வினை வைத்து இரண்டாவது செட் எடுத்தோம். மூன்றாவதும் எடுத்தோம். நாலாவது போய்விட்டது. ஐந்தாவது செட் பதினைந்து பாயிண்ட். எட்டுக்குப் பத்து என்று பின்தங்கி நிற்கும்போது கோச் கையைச் சுற்றி ஆள் மாற்று கேட்டார். பன்னிரண்டு வெளியே, ஏழு உள்ளே.

கீழவிளைக்காரர்கள் கை தட்டிச் சிரித்தார்கள் சார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொட்டுச் சத்தம் திடீரென்று எங்கள் பக்கத்திலிருந்து வந்ததும்தான் திறந்தேன். பந்து அவர்கள் பக்கத்துத் தரையில் கிடக்கிறது. மூன்று பேர் பின்பக்கம் நிற்கிறார்கள், பந்து முன்னால் போயிருக்கிறது. அடுத்த தடவை நன்றாகப் பார்த்தேன். திரவியம் குதிகாலைத் தூக்குகிறான். மூன்று பேரும் ஓடுகிறார்கள். பந்து முன்னால். இன்னொரு தடவை. குதிகால் தரையில் அப்படியே பதிந்திருக்கிறது, அவர்கள் முன்னால் நிற்கிறார்கள், பந்து பின்னால். அவர்களுக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். பதினைந்துக்குப் பதின்மூன்று.

கோப்பையை வாங்கும்போதே எபனேசர் தம்பி மைக்கில் சொல்லிவிட்டார். "திரவியம் அண்ணன் அடுத்த வருஷமும் ஆடுவார். அதுக்கடுத்த வருஷமும் கேட்டுப் பாப்பேன்."

அப்புறம்தான் எனக்கு விஷயம் வந்தது. ஆல்வின்தான் சொன்னான், காதிலிருந்து வயரை எடுத்துவிட்டு. பிப்ரவரியிலிருந்து தினமும் விடியற்காலை ஐந்தரைக்குத் திரவியமும் கோச்சும் மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள். கோச் இவன் வலது குதிகாலில் ஒரு ஆட்டு மணியைக் கட்டிவிடுவாராம். குதிகால் தூக்கினால் மணி அடிக்கும். அடிக்காமல் நூறு பந்து கொடுக்கவேண்டும். நாற்பத்தொரு வயதுக்காரன், காலில் மணியோடு, விடியற்காலையில். நாற்பது நாளில் மணி நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு வேண்டுமென்றே அடிக்கப் பழகினார்களாம், பந்தை வேறு பக்கம் கொடுத்துக்கொண்டு. இது கீழவிளைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் லீக்கில் ஒரு பாயிண்டுக்கும் இறக்கவில்லை. ஃபைனலில் நெருக்கடி வந்தால் மட்டும் இறக்குவது என்று திட்டம். நான் எழுதிய ஏழு, முதல் செட்டிலேயே அதைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது. கோச் ஆள் மாற்று கேட்டிருந்தால் திரவியத்தை ஏன் ஒளிக்கிறார்கள் என்று எதிரணிக்குச் சந்தேகம் வரும். அதனால் அவன் உள்ளே போய்ப் பழைய ஆளாகவே ஆடியிருக்கிறான். தெரிந்தே அந்தச் செட்டைத் தோற்றிருக்கிறான். ஊரே கேலி பண்ண, நின்று ஆடியிருக்கிறான்.

தலைமையாசிரியருக்கும் அணியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நேராகவே கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா கீழவிளை டீக்கடைக்குப் போயிருமே அண்ணாச்சி" என்கிறான் திரவியம். எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை. நான் யாரிடம் எதைச் சொல்கிறவன்? நீங்களே பாருங்கள், வெளியூரிலிருந்து வந்திருக்கிறீர்கள், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதானே?

கூட்டம் கலைந்தபிறகு அவன் மைதானத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். நிமிராமலே கேட்டான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? மறந்து எழுதுனீங்களா, வேணும்னே எழுதுனீங்களா?"

யோசித்துப் பாருங்கள் சார் என் நிலைமையை. வேண்டுமென்றே என்று சொன்னால், கோச் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டில் துரோகம் பண்ணியவன் ஆகிவிடுவேன். அதோடு, உன்னால் உன் சொந்தக் காலில் உள்ளே போகமுடியாது என்று நான் நினைத்ததாகவும் ஆகிவிடும். அது அவனுக்கு வலிக்கும்.

"மறந்துட்டேன்ல" என்றேன். "கை தானா எழுதிட்டு."

குழாயை மூடினான். "சரி அண்ணாச்சி" என்றான். கோச்சிடம் "சரி சார்" என்றானே, அதே குரல்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. இதே கடையில். திரவியம்தான் பேச்சை எடுத்தான். "அண்ணாச்சிக்கு வயசாகுது. மறதி வந்துட்டு. பாவம், அவங்கள இனி சீட்டு, பெஞ்சுன்னு அலைய வைக்காண்டாம். கௌரவத் தலைவரா வச்சுக்கிடுவோம். முன்வரிசையில சோபா போட்டுருவோம்." எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஐம்பத்து நாலுதான் சார் ஆகிறது.

எபனேசர் தம்பி மட்டும், "எதுக்கு? சார் இருக்கட்டும். சீட்டு எழுதறதுக்கு, ஸ்கோர் போடறதுக்கு எல்லாம் இப்ப புது முறை வந்திருக்கு. காலையில அஞ்சரைக்கு வாங்க சார், நான் சொல்லித் தர்றேன். ரெண்டு மாசத்துல பழகிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இருபத்தெட்டு வயதுப் பையனிடம் போய், இந்த வயதில், விடியற்காலையில் பாடம் படிக்கவா? எனக்கென்று ஒரு மானம் இருக்கிறதே. வேண்டாம் தம்பி என்றேன். தீர்மானம் நிறைவேறியது.

சோபா நல்ல சோபாதான். குறை சொல்லக்கூடாது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஆட்டம் மட்டும்தான் தெரிகிறது. பெஞ்சில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கவில்லை. திரவியம் போகிற போக்கில், "வசதியா இருக்கா தலைவரே?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில். திரவியம் இன்னும் மூன்று வருஷம் தாராளமாக ஓடுவான். ஆனால் உங்களோடு வரமாட்டான். கேட்டுப் பாருங்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு ரேஷன் கடை பூட்டுவான், "கோச் சாரைக் கேட்டுக்கிடுதேன்" என்பான். அவர் விடமாட்டார். நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எழுந்துவிட்டீர்களா? இருங்கள் சார், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்று கேட்கவேண்டும் என்று நினைத்தேன். உங்கள் மில் அணிக்கு மேனேஜர் யார்? நிரந்தரமாக ஆள் இருக்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன். இந்தக் கடையை ராஜகனியின் தம்பி பார்த்துக்கொள்வான், எனக்கு இங்கே அப்படி ஒன்றும் பிடிப்பு இல்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவம். சீட்டு எழுதுவது, நடுவரிடம் பேசுவது, பையன்களை அதட்டுவது எல்லாம் தெரியும்.

கௌரவத் தலைவர், மறதிக்காரர் என்று ஊரில் யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். நம்பாதீர்கள் சார். கோச் "பன்னிரண்டு" என்று சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. பேனாவைத் திறந்து அரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் ஏழு என்று எழுதினேன்.